ஊறுகாய்ச் சாடியில் ஒரு கடல்

எங்கள் வீட்டு உப்பு மாங்காய்ச் சாடிக்குள் பாரத்துக்கு ஒரு கல் கிடந்தது. உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் குழிவு, மறுபக்கம் மேடு. மேட்டின் மேல் சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக வரிகள். சித்திரையில் மாங்காயை நறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டதும், துண்டுகள் மிதந்து மேலே வந்து பூஞ்சணம் பிடித்துவிடாமல் இருக்க, அப்பாயி அந்தக் கல்லைக் கழுவி மேலே வைத்து அழுத்துவாள். கல்லங்குறிச்சிப் பக்கத்துக் கொல்லையில் ஏர் ஓட்டும்போது கிளம்பிய கல் அது. அந்த வட்டாரத்தில் அப்படி நிறையக் கிடக்கும். எடுத்து வரப்பில் போட்டுவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள்.

அது சிப்பி என்று எனக்குத் தெரியவந்தது 1979ல். எனக்கு அப்போது பத்து வயது. அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் பேச்சு. ஒன்று, அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை ஓடத் தொடங்கியது. இன்னொன்று, ஸ்கைலாப் விழப்போகிறது என்பது.

அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தார். சுரங்கம் என்றால் பூமிக்குள் இறங்கும் குகை இல்லை. ஏரியை ஆழமாக வெட்டியதுபோல் திறந்த பள்ளம். மதியச் சோறு கொண்டுபோகும்போது பள்ளத்தின் சுவரைப் பார்ப்பேன். மேலே செம்மண், அதன் கீழே ஒரு வெளிறிய அடுக்கு, அதற்குக் கீழே சிப்பியும் கிளிஞ்சலும் அள்ளிக் கொட்டி மிதித்ததுபோல் ஒரு அடுக்கு. அப்பாயி சாடியில் கிடந்த அதே மடிப்பு, அதே குழிவு. ஒன்றை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளிக்குப் போனேன். வகுப்பு எடுத்த அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நோவா காலத்து வெள்ளத்துல வந்தது தம்பி" என்றார். நான் மகிழ்ந்துபோனேன். நோவா காலத்துப் பொருளே என் கால்சட்டைப் பையில் இருக்கிறது!

அந்த மகிழ்ச்சி இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் ஒரு சந்தேகம். வெள்ளம் வந்தால் ஆடு மாடு சாகும், மனுஷர் சாவார்கள், சிப்பி ஏன் சாக வேண்டும்? தண்ணீரில் இருப்பதுதானே அது? அப்படியே செத்தாலும், ஒரு வருஷ வெள்ளத்தில் எல்லாம் கலங்கலாகத்தானே கிடக்க வேண்டும்? சுவரில் அடுக்கடுக்காக, ஒவ்வொரு அடுக்கிலும் வேறு வேறு சிப்பியாக ஏன் இருக்கிறது? அக்காவிடம் கேட்டேன். "வேதத்துல சந்தேகப்படக் கூடாது" என்றார். நான் வேதத்தில் சந்தேகப்படவில்லை. சிப்பியில்தான் சந்தேகப்பட்டேன். அதைச் சொல்லத் தெரியாமல் உபதேசியாரிடம் போனேன்.

உபதேசியாருக்குப் பெயர் இருந்தது, யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவர் உபதேசியார்தான். ஆயர் ஐயா மாதம் ஒருமுறை நற்கருணை கொடுக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் எங்கள் ஓலைக் கோயிலில் ஜெபம் நடத்துவது, வாசிப்பது, சாவு வீட்டுக்குப் போவது, கடுதாசி எழுதிக் கொடுப்பது எல்லாம் உபதேசியார். எட்டாவது வரை படித்தவர். தையல் பிரிந்த பெரிய வேதாகமம் ஒன்றை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பார்.

என் கேள்வியை முழுக்கக் கேட்டார். சிப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறந்து விரலால் ஓட்டிக்கொண்டே போனார். பிறகு சொன்னார்: "எனக்கும் ஒண்ணு ரொம்ப நாளா இருக்குப்பா. சூரியன நாலாம் நாள்தானே உண்டாக்குனாரு. அப்படின்னா அதுக்கு முந்தின மூணு நாள எத வெச்சு எண்ணுனாங்க?"

பெரியவர் ஒருவர் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டதை அன்றுதான் முதலில் பார்த்தேன். பதில் சொல்வார் என்று காத்திருந்தேன். "எனக்குத் தெரியலப்பா. தெரிஞ்சவங்க யாராச்சும் வருவாங்க. கேப்போம்" என்று சிப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

தெரிந்தவர்கள் வந்தார்கள். நிலவியல் படிக்கும் மாணவர்கள் பல கல்லூரிகளிலிருந்து எங்கள் பகுதிக்கு பஸ் வைத்துக்கொண்டு வருவது அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. கையில் சுத்தியல், தோளில் காக்கிப் பை, தலையில் துண்டு. அந்த வருஷம் மழைக்குப் பிறகு வந்த ஒரு கூட்டத்தை உபதேசியார் சுரங்கத்து மேட்டில் பிடித்துக்கொண்டார். என்னையும் கூட்டிப்போனார். வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மகன் வயதுள்ள ஒரு மாணவரிடம், "தம்பி, இது எப்படி இங்க வந்துச்சு, எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார்.

அந்த மாணவர் நல்லவர். சின்னக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு ஆசிட்டைக் கல்லின் மேல் விட்டார். கல் சுர்ரென்று நுரைத்தது. சுண்ணாம்பு இருந்தால் இப்படி நுரைக்கும் என்றார். அப்பாயி சாடியில் மாங்காய்ப் புளிப்பு பட்டுக் கல்லைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழி கிளம்புவது எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னேன். "அதேதான்" என்று என் முதுகில் தட்டினார். பிறகு சுவரைக் காட்டிச் சொன்னார். இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. வந்து மூடி வடிந்துவிட்ட வெள்ளம் இல்லை, கோடிக்கணக்கான வருஷம் உள்ளே வருவதும் பின்வாங்குவதுமாக இருந்த கடல். இந்தச் சிப்பிகள் இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, இங்கேயே செத்தவை. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லுக்கு வயது ஏறக்குறைய 7 கோடி வருஷம். போகும்போது காரைப் பக்கம் பொறுக்கிய, ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரிச் சுருண்டு கல்லாகிப்போன சின்னக் கடற்பிராணி, அம்மோனைட் ஒன்றை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

உபதேசியார் திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த ஞாயிறு ஜெபத்தில் வழக்கமாகச் சொல்லும் மழை, விளைச்சல், நோயாளிகள் எல்லாம் சொல்லி முடித்தார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "கர்த்தாவே, நாங்க நெனச்சிருந்ததவிட நீர் ரொம்பப் பொறுமைக்காரரா இருக்கீர்" என்றார். யாருக்கும் எதுவும் புரியவில்லை, ஆமென் என்றார்கள். எனக்குப் புரிந்தது. இந்த நாற்பத்தைந்து வருஷத்தில் ஆதியாகமத்துக்கு அதைவிட நல்ல விளக்கம் எதையும் நான் கேட்கவில்லை. பெரிய பெரிய புத்தகங்களையும் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஸ்கைலாப்பைச் சொல்லாமல் விட்டேனே. அமெரிக்காக்காரன் விட்ட விண்கூடம் உடைந்து விழப்போகிறது, எங்கே விழும் என்று தெரியாது என்று வானொலியில் சொன்னார்கள். வானத்து நட்சத்திரங்கள் விழும் என்று வேதத்தில் எழுதியிருக்கிறதே, இதுதான் அது என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஊரில் சிலர் வளர்த்த கோழியை அடித்துத் தின்றார்கள், எப்படியும் சாகப்போகிறோம் என்று. ராத்திரி ராத்திரியாக ஜெபம். உபதேசியாரும் ஜெபத்துக்கு வந்தார். ஆனால் அதே வாரம் கோயில் கூரைக்கு ஆள் விட்டு ஓலை மாற்றினார். "நாளைக்கே உலகம் அழியுங்கறாங்க, நீங்க என்னங்க ஓலை வாங்குறீங்க?" என்று அப்பா கேட்டதற்கு, "ஆடி பொறக்கப்போவுது, ஒழுவுமே" என்றார். ஜூலை 11ஆம் தேதி ஸ்கைலாப் இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பக்கத்திலுமாகச் சிதறி விழுந்தது. எங்கள் கோயில் அந்த வருஷம் ஒழுகவில்லை.

நாட்டு நடப்பை வேதத்தோடு சேர்த்து வாசிப்பதில் அவர் அவ்வளவு கவனமாக இருந்ததற்குப் பின்னால் ஒரு சம்பவம் இருந்தது. 1956 நவம்பர் 23. விடியற்காலையில் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பலவீனப்பட்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. செத்தவர்கள் ஏறக்குறைய 150 பேர். அந்த விபத்துக்குப் பொறுப்பேற்றுத்தான் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். உபதேசியார் அப்போது வாலிபர். ஆற்றில் இறங்கிப் பிணம் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். "அந்த வாரமே, இது ஜனங்களோட பாவத்துக்கு ஆண்டவர் குடுத்த தண்டனைன்னு பிரசங்கம் பண்ணுனாங்க தம்பி. நான் தூக்குனதுல ஒண்ணு கைக்கொழந்த. தண்டனைன்னு சொன்னவங்க ஒருத்தரும் ஆத்துக்கு வரல." சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைப் பற்றி லூக்கா பதிமூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. அவர்கள் எருசலேமில் மற்ற எல்லோரையும்விடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிற இடம். அந்தப் பக்கம் அவருடைய வேதாகமத்தில் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது.

அவர் 1983ல் இறந்தார். அடுத்த வருஷம் ஒரு கன்வென்ஷன். மேடை, டியூப்லைட் தோரணம், வெளியூர்ப் பிரசங்கியார். பூமிக்கு ஆறாயிரம் வயது, அதற்கு மேல் சொல்கிறவன் பிசாசின் வாய், பாறையில் தெரியும் மிருக உருவம் எல்லாம் மனுஷனை ஏமாற்றச் சாத்தான் செய்து வைத்தது என்றார். அப்படிப்பட்ட பொருள் வீட்டில் இருந்தால் ஆசீர்வாதம் வராது என்றார். எனக்குப் பதினைந்து வயது. அப்பாவுக்கு அப்போது நெஞ்சுச் சளி, சுரங்கத்துத் தூசி. ஆசீர்வாதம் வரவில்லையே என்பது வீட்டில் தினப்படி கவலையாக இருந்த நேரம். அன்று ராத்திரியே போய் அம்மோனைட்டைத் தண்ணீர் நிறைந்து கிடந்த பழைய பள்ளத்தில் எறிந்தேன். தண்ணீரில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்பாவின் சளி குறையவில்லை.

சாடிக்குள் கிடந்ததையும் எறிந்துவிடச் சொன்னேன். அப்பாயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இது பாட்டுக்கு வாய மூடிக்கிட்டுக் கெடக்கு. இதப் போயி பிசாசுங்கற. மாங்கா மெதந்தா நீ வந்து அமுக்குவியா?" என்றாள். அதனால்தான் அந்தச் சிப்பி மட்டும் பிழைத்தது.

நான் இழந்த கல்லின் கதை எவ்வளவு பெரியது என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. 1840களிலேயே கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் நம் பக்கத்துப் புதைபடிமங்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846ல் எழுதினார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்ட் வந்து ஊர் ஊராய் நடந்து பாறைகளை மூன்றாகப் பிரித்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பெயர் வைத்து 1862ல் வெளியிட்டார். அன்றிலிருந்து, அந்தக் கடல் இருந்த கிரெட்டேசியஸ் காலத்தைப் படிக்கிற எந்த நாட்டுக்காரனும் அரியலூர் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமான மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. 1940ல் இந்திய நிலவியல் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. 12 கோடி வருஷத்துக்கு முந்தையது என்கிறார்கள். கடலில் அடித்து வந்து, சேற்றில் புதைந்து, கல்லான மரம். கல்லமேட்டில் டைனோசர் எலும்பு கிடைத்தது. ஆடு மேய்க்கிறவர்கள் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் மேடுகள் இவை.

இன்னொன்றும் தெரிந்தது. அது என்னை அதிகம் பாதித்தது. அந்த ஆறாயிரம் வருஷக் கணக்கு வேதத்தில் எழுதியிருப்பது இல்லை. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் வேதத்து வம்ச அட்டவணைகளைக் கூட்டிக் கழித்து, உலகம் கிறிஸ்துவுக்கு முன் 4004ஆம் வருஷம் அக்டோபர் மாதம் படைக்கப்பட்டது என்று 1650ல் அச்சிட்டார். பின்னால் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அந்த எண்ணைப் போட்டுவிட்டார்கள். ஓரத்தில் இருந்தது போகப் போக உள்ளே இருந்ததுபோல் ஆகிவிட்டது. அஷரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் காலத்தில் கிடைத்த சான்றுகளை வைத்து நேர்மையாகக் கணக்குப் போட்ட படிப்பாளி. ஆனால் அவருக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுக்கு முன்பே, ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், அகுஸ்தீனார் ஆதியாகமத்துக்கு உரை எழுதும்போது, அந்த நாட்கள் நாம் அறிந்த நாட்கள்தாமா என்று கேட்டிருக்கிறார். எங்கள் உபதேசியார் விரல் வைத்த அதே இடம். வானத்தையும் பூமியையும் பற்றி நன்கு அறிந்தவர்கள் முன்னால் கிறிஸ்தவன் ஒருவன் வேதத்தைக் காட்டி அபத்தம் பேசினால், அவர்கள் வேதத்தையே நம்பாமல் போவார்கள் என்று அவர் அந்த உரையில் வருந்துகிறார். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தைய வருத்தம்.

நிக்கோலஸ் ஸ்டெனோவையும் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவர். 1666ல் இத்தாலியில் பெரிய சுறாவின் தலை ஒன்றை அறுத்துப் பார்த்தார். பாறைகளில் கிடைக்கும் நாக்குக் கல் என்று ஜனங்கள் சொன்னது சுறாப் பல்லேதான் என்று கண்டார். கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது என்ற நிலவியலின் அரிச்சுவடியை 1669ல் எழுதியவர் அவர்தான். பிறகு கத்தோலிக்கக் குருவாகி, ஆயராகி, ஏழையாக இறந்தார். 1988ல் திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தது. காரை மண்ணிலும் சுறாப் பல் கிடைக்கிறது. அடுக்குகளை வாசிக்கக் கற்றுக் கொடுத்தவரே ஒரு ஆயர் என்று அந்த மேடையில் யாராவது சொல்லியிருந்தால் என் கல் என்னிடம் இருந்திருக்கும்.

நம் கொள்ளிடக் கரையிலேயே ஏலாக்குறிச்சி இருக்கிறது. அப்பாயி சபை வித்தியாசம் பாராமல் வருஷத்துக்கு ஒருமுறை அடைக்கல மாதா கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போவாள். வீரமாமுனிவர் இருந்து ஊழியம் செய்த இடம். இத்தாலியில் பிறந்து, முப்பது வயதில் இங்கே வந்து, தமிழை அரிச்சுவடியிலிருந்து கேட்டுக் கேட்டுப் படித்து, தேம்பாவணியும் சதுரகராதியும் தந்தவர். தெரியாது, சொல்லிக் கொடுங்கள் என்று ஊராரிடம் உட்காராமல் அகராதி எழுத முடியாது. தரையில் உட்கார்ந்த உபதேசியாரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவரும் நினைவுக்கு வருவார்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். திருச்சி மாவட்டத்தில் இருந்த நாங்கள் 1995ல் பெரம்பலூர் மாவட்டம் ஆனோம். 2001ல் அரியலூர் தனி, அடுத்த வருஷம் மறுபடி பெரம்பலூர், 2007ல் மறுபடி தனி. ஓலைக் கோயில் இப்போது கான்கிரீட். தளம் போட்ட அன்று சிமென்ட் மூட்டைகளின் பக்கத்தில் நின்றேன். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து 1,450 டிகிரி வரை சுட்டு எடுப்பது சிமென்ட். எங்கள் பள்ளத்துச் சிப்பிகள்தான் அந்த மூட்டைக்குள் மாவாக இருந்தன. அந்தக் கூரையின் கீழே இன்றைக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவன் நான்.

அன்று எங்கள் ஊரில் வேதாகமம் வீட்டுக்கு ஒன்றுகூடக் கிடையாது, விளக்கவுரை கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கையில் எல்லா மொழி வேதாகமமும் இருக்கிறது. அரியலூர்ப் பக்கம் வாரணவாசியில் புதைபடிம அருங்காட்சியகம் இருக்கிறது. பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். இவ்வளவு இருந்தும் "எனக்குத் தெரியலப்பா, கேப்போம்" என்று சொல்ல ஆள் குறைந்துவிட்டது. எல்லோரிடமும் பதில் இருக்கிறது. அது கேள்வி வருவதற்கு முன்பே போனில் வந்துவிடுகிறது.

2020 அக்டோபரில் குன்னத்தில் குளத்து மண் அள்ளும்போது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் கிளம்பின. டைனோசர் முட்டை என்று ஒரே நாளில் தமிழ்நாடு முழுக்கப் படம் பரவியது. எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில், வெள்ளத்துக்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது என்று பாதிப்பேர், டைனோசரே பொய், அரசாங்கம் செய்து வைத்தது என்று பாதிப்பேர். ஆய்வாளர்கள் வந்து பார்த்து, முட்டையும் இல்லை ஒன்றும் இல்லை, கடலடிச் சேறு திரண்டு உண்டான அம்மோனைட் படிவு என்று சொன்னார்கள். அந்தச் செய்தியை நான் குழுவில் போட்டேன். ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. குன்னத்துக்கு இங்கிருந்து அரை மணி நேரம். போய்ப் பார்த்துவிட்டு வருவோமா என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. உபதேசியார் இருந்திருந்தால் அன்று மதியமே சைக்கிளை எடுத்திருப்பார்.

இதை ஒரு விளையாட்டுச் சண்டை என்று நான் விட்டிருப்பேன். விட முடியாமல் போனதற்குக் காரணம் என் பெரியப்பா மகன். 2020 ஏப்ரல் 12 ஈஸ்டர் அன்று கொரோனாவால் கோயில் பூட்டியிருந்தது. எங்கள் ஆயுசில் அப்படி நடந்ததில்லை. மே மாதம் கோயம்பேட்டிலிருந்து திரும்பிய கூலிக்காரர்களோடு நோய் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வந்தது. அந்தப் பயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் போன்தான் பிரசங்க மேடை. அடுத்த வருஷம் 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். வெளிப்படுத்தின விசேஷம் பதிமூன்றாம் அதிகாரத்து மிருகத்தின் முத்திரை இந்த ஊசிதான் என்று ஒரு வீடியோ சுற்றியது. அண்ணன் அதை நம்பினார். ஜெபிக்கிற மனுஷன், பொய் சொல்லாதவர், தசமபாகம் தவறாதவர். "நீ படிச்சவன், ஒனக்கு விசுவாசம் கொறவு" என்று என்னிடம் போனில் சொன்னார். நான் கோபப்பட்டு வைத்துவிட்டேன். அந்த அதிகாரம் ரோமச் சக்கரவர்த்தியை வணங்கச் சொன்ன காலத்தில், வணங்க மறுத்துத் துன்பப்பட்டவர்களுக்கு ஆறுதலாக எழுதப்பட்டது, கொடுங்கோலுக்குப் பணியாதே என்பதுதான் அதன் பேச்சு, நோய்க்கு மருந்து போடாதே என்பதில்லை என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். நேரில் போயிருக்க வேண்டும். 2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கை கிடைத்து, கிடைத்தும் பலனில்லாமல் போய்விட்டார். அடக்கத்தில் நாங்கள் ஏழு பேர்தான் நின்றோம்.

தப்பாக வாசித்த ஒரு அதிகாரம் ஒரு ஆளைக் கொண்டுபோகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மாதத்தின் கடைசி ஞாயிறு கேள்வி நாள். பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். காயீனுக்குப் பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள் என்பது வருஷா வருஷம் வரும். பேழையில் டைனோசர் ஏறியதா என்று வரும். யுத்தம் நடக்கிறதே, இயேசு எப்போது வருவார் என்று வரும். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததைப் பலகையில் எழுதிவைப்பேன், ஆயரிடமோ பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சரிடமோ கேட்டுவர ஒரு பிள்ளையை அனுப்புவேன். முதலில் இரண்டு பெற்றோர் வந்து சண்டை போட்டார்கள், பிள்ளைகளுக்குச் சந்தேகத்தை ஏற்றுகிறேன் என்று. யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரங்களை வாசிக்கச் சொன்னேன். யோபு கேட்டதற்கெல்லாம் கடவுள் அங்கே விளக்கம் கொடுக்கவில்லை. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார், கடலைப் பற்றியும் பனியைப் பற்றியும் காட்டாடு குட்டி போடுவதைப் பற்றியும். ஒருவர் பிள்ளையை நிறுத்திக்கொண்டார். இன்னொருவர் இப்போது தாமே வந்து பின்பெஞ்சில் உட்காருகிறார்.

போன சித்திரையில் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். எட்டு வயது. வாரணவாசிக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நான் எறிந்ததைப் போலவே ஒரு அம்மோனைட். நெடுநேரம் பார்த்துவிட்டு, "தாத்தா, ஆதாம் எல்லாப் பிராணிக்கும் பேர் வெச்சாருல்ல, இதுக்கு என்ன பேர் வெச்சிருப்பாரு?" என்றாள். ஆதாம் வருவதற்கு ரொம்ப முன்பே இது செத்துப்போயிற்றே என்றேன். "அப்போ பேரே இல்லாம இருந்துச்சா? ஆண்டவர் இத எப்படிக் கூப்பிட்டிருப்பாரு?" எனக்குத் தெரியவில்லை. பலகையில் எழுதிவைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து அப்பாயியின் சாடியை இறக்கினேன். அப்பாயி போய் இருபது வருஷம் ஆகிறது. சாடியில் இப்போது மாங்காய் போடுவதில்லை. சிப்பி மட்டும் அடியில் கிடந்தது. மாங்காய்ப் புளிப்பு அரித்து ஒரு பக்கத்து மடிப்புகள் மழுங்கியிருந்தன. இடுக்குகளில் வெள்ளையாக உப்பு உறைந்திருந்தது. பேத்தி விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாள்.

"உப்புக் கரிக்குது தாத்தா. அந்தக் கடல் உப்பா இது?"

"இல்லம்மா" என்றேன். "அப்பாயி போட்ட உப்பு."

அவள் இன்னொரு தடவை விரலை வைத்தாள்.